அவுட்டருக்குப் பதினஞ்சு அடி

உள்ள வாங்க தம்பி. கதவு அவ்வளவுதான் திறக்கும், மேசை இடிக்குது. கொஞ்சம் ஒருக்களிச்சு வாங்க. பையைக் கையில தூக்கிப் பிடிச்சுக்கங்க, அந்தக் குட்டி சிக்னல் கேபின் மேல பட்டுடப் போவுது. ஆங். அந்த ஸ்டூல்ல உட்காருங்க.

என்ன சொன்னீங்க? இவரு போன் பண்ணாரா? எங்க வீட்டுக்காரரா? உங்களுக்கா?

எந்த போன்ல? அவரால பட்டனை அமுக்க முடியாதே தம்பி. மாடி வீட்டு செல்வராணி போன்லயா? அவ படியிறங்கி வர்றப்ப சன்னல் வழியாக் கூப்பிட்டு, போட்டுக் குடுக்கச் சொல்லிப் பேசினாராமா? நல்லாருக்கு. அவ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க. காலையிலகூட வந்து கறிவேப்பிலை வாங்கிட்டுப் போனா.

எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுங்கன்னு சொன்னாரா. அதை நம்பி கோயம்புத்தூர்லேர்ந்து வேன் பிடிச்சு வந்துட்டீங்க. உங்க மாதிரி ரயில் கழகத்துல இதை வைக்க ஹால்கூட ரெடி பண்ணிட்டீங்களா. சரி. மொதல்ல காபி குடிங்க. அவரு சாப்பிட்டுப் படுத்திருக்காரு, எந்திரிக்க நாலு மணி ஆவும். அதுவரைக்கும் நான் சொல்றதைக் கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, இதை எடுத்துட்டுப் போறது நியாயமான்னு.

இவரு சிக்னல் ஃபிட்டரா இருந்தவரு, அது உங்களுக்குத் தெரியும். எழுவத்துநாலுல வேலைக்குச் சேந்ததும் மொதப் போஸ்டிங் ஆவாரங்குறிச்சி ஸ்டேஷன். மீட்டர்கேஜ் லைன். இப்ப அங்க ஸ்டேஷனே கிடையாது, அகலப்பாதை போட்டப்ப லைனையே தள்ளிக் கொண்டு போயிட்டாங்க. ரிட்டையர் ஆன மறுவாரம் சொன்னாரு, "அமலி, நான் ஆவாரங்குறிச்சியைச் செய்யப் போறேன். எழுவத்துநாலுல எப்படி இருந்துச்சோ அப்படியே." என் பேரு அமலோற்பவம். அவருக்கு மட்டும்தான் அமலி.

நான் அப்ப வேலைக்குப் போயிட்டிருந்தேன். தில்லைநகர்ல ஒரு லேப், பல் டாக்டருங்களுக்குப் பல் செட் செஞ்சு குடுக்கிற இடம். இருபத்திரண்டு வருஷம் அங்க இருந்தேன். மெழுகுல ஒரு பல்லைச் செதுக்கறதுன்னா சும்மா இல்ல தம்பி. மயிரிழை உசந்து போனாலும் அந்த ஆளு வாயை மூட முடியாது. பிள்ளைங்க இல்ல எங்களுக்கு. ஹால் சும்மாத்தான் கிடந்துச்சு. செய்யட்டும்னு விட்டுட்டேன்.

அப்ப ஒரே ஒரு மேசைதான், நாலடிக்கு ஆறடி. நிஜத்துல எண்பத்தேழு அடின்னா இங்க ஒரு அடி, அந்த அளவு. சாயங்காலமானா ராயப்பண்ணன் வந்துடுவாரு. அவரும் ஆவாரங்குறிச்சியில இருந்தவருதான், தண்டவாளம் மாத்தி விடற பாயின்ட்ஸ்மேன். இதே தெருக்கோடியில வீடு. ரெண்டு பேரும் சேந்து செய்வாங்க. செய்வாங்கன்னா, இவரு செய்வாரு, அவரு வெத்தலை போட்டுக்கிட்டுப் பேசுவாரு. சிரிக்கிற சத்தம் தெருவுக்குக் கேக்கும். ஏழெட்டு வருஷத்துல என்ன முடிஞ்சுது தெரியுமா? ரெண்டு பாசஞ்சர் பெட்டி, ஒரு கூட்ஸ் வேகன், ஒரே ஒரு சிக்னல். அரட்டை அடிச்சா வேலை எப்படி ஓடும்?

அப்புறம் கை நடுங்க ஆரம்பிச்சுது. மொதல்ல வலது கை, பிறகு ரெண்டும். நடுக்குவாதம்னு டாக்டர் சொன்னாரு. பெயின்ட் பிரஷ்ஷை எடுத்துப் பெட்டி மேல கொண்டு போவாரு, அது எங்கயோ போய் நிக்கும். ஒரு நாள் பிரஷ்ஷைக் கழுவி, துடைச்சு, டப்பாவுல போட்டு மூடிட்டாரு. "போதும் அமலி"ன்னாரு. நான் அன்னிக்குச் சமையக்கட்டுல போய் அழுதேன். டாக்டர் என்கிட்ட தனியாச் சொல்லியிருந்தாரு, "மூளைக்கு வேலை குடுத்துக்கிட்டே இருங்கம்மா, சும்மா உட்கார விடாதீங்க"ன்னு. சும்மா உட்கார விடக்கூடாது. அதை நான் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன்.

லேப்பை விட்டுட்டேன். என் கத்தி, ஊசி, மெழுகு விளக்கு எல்லாத்தையும் கொண்டாந்து இந்த மேசை மேல பரப்பினேன். "நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்"னேன். சிரிச்சாரு. சிக்னல்னா என்னன்னே எனக்குத் தெரியாது அப்ப. அவருதான் சொல்லிக் குடுத்தாரு. கம்பத்து மேல இருக்கிற கை நேரா நீட்டிக்கிட்டு நின்னா ரயில் நிக்கணும், கை கீழ இறங்கினா ரயில் போவலாம். கைக்கு முன்பக்கம் சிவப்பு, அதுல ஒரு வெள்ளைப் பட்டை. பின்பக்கம் வெள்ளை, அதுல கறுப்புப் பட்டை. மொத்தக் கையும் இங்க பதினாலு மில்லிமீட்டர்தான். பித்தளைத் தகடுல வெட்டி, அராவி, ரெண்டு முடி மட்டும் வெச்ச பிரஷ்ஷால பட்டை போட்டேன். கம்பி இழுத்தா இறங்கற மாதிரி அச்சு வெச்சேன். அவரு உள்ளங்கையில வெச்சேன். கை நடுங்குது, அதுல சிக்னலும் நடுங்குது. "அமலி, இதுல நான் ஏறி விளக்கு மாட்டியிருக்கேன்டி"ன்னாரு. கண்ணு கலங்கிடுச்சு. கல்யாணமாகி நாப்பது வருஷத்துல என்னை அப்படிப் பார்த்ததில்ல தம்பி.

அந்த ஒரு வருஷம் நல்லாருந்துச்சு.

உங்க கழகப் பத்திரிகையில படம் போட்டிருந்தீங்களே, 'சூசைமாணிக்கத்தின் கைவண்ணம்'னு? அந்தப் பக்கத்துல இருக்கிற எட்டு சிக்னலும் நான் செஞ்சது. என்ன அப்படிப் பார்க்கிறீங்க? நான் சொன்னாத்தானே தெரியும். இவரு உங்களுக்குக் கடுதாசி எழுதச் சொன்னாரு. "நான் செய்யாததுக்கு என் பேரு எதுக்குடி"ன்னாரு. நான் எழுதலை. அவருக்காகத்தான செய்யறேன்? அவரு பேரு இருந்தாத்தான அவருக்கு ஒரு பிடிப்பு? இதெல்லாம் ஆம்பளைங்களுக்குச் சொன்னாப் புரியாது.

ஆனா ஒண்ணு. செய்யறதைச் சரியாச் செய்யணும். பல் செட்டுல நான் அப்படிப் பழகினவ. ஹோம் சிக்னல் போஸ்ட்டை, அதாவது ஸ்டேஷனுக்குள்ள நுழையற எடத்துல நிக்கிற சிக்னல், அதை இரும்புப் பட்டை பின்னின போஸ்ட்டுன்னு இவரு சொன்னாரு. ஏணி மாதிரி பின்னல் பின்னலா இருக்குமாம். பதினோரு நாள் உட்கார்ந்து பின்னினேன். அப்புறம் ஒரு பழைய ரயில் கார்டு வீட்டுலேர்ந்து ஆவாரங்குறிச்சி போட்டோ ஒண்ணு கிடைச்சுது. பார்த்தா, போஸ்ட்டு வெறும் குழாய்! "என்னங்க இது"ன்னேன். "அந்தப் போஸ்ட்டுல வாராவாரம் ஏறி எறங்கினவன் நான். பின்னல்தான்"னாரு. ராயப்பண்ணனும் கூடச் சேந்துக்கிட்டாரு. "தங்கச்சி, எழுவத்தேழு புயல்ல அது சாஞ்சு போச்சு. அப்புறம்தான் குழாய் நட்டாங்க. நான்தான் கயிறு பிடிச்சேன்"னாரு. வயசான காலத்துல என்னென்னமோ ஞாபகம் வரும். போட்டோ பொய் சொல்லுமா? பின்னலைப் பிடுங்கிட்டுக் குழாய் போட்டேன்.

போட்டோவா? இந்தாங்க, இதுதான். பின்னாடி என்ன? ஆமா, பென்சில்ல '78 பொங்கல்'னு இருக்கு. பார்த்திருக்கேன். அது பிரிண்ட் போட்ட தேதியா இருக்கும்ல? இல்ல, வேற யாராச்சும் பின்னால எழுதினதா இருக்கும். குடுங்க அதை.

அதுலேர்ந்து இவரு நான் எதைக் கேட்டாலும் "உனக்குத்தான் தெரியுமே"ன்னாரு. சரி, ஒத்துக்கிட்டாருன்னு வெச்சுக்கிட்டேன்.

ராயப்பண்ணனை நான் வர வேணாம்னு சொல்லலை தம்பி. தெருவுல அப்படிப் பேசிக்கிட்டாங்க, அது பொய். வெத்தலைக் கையோட வந்து பிரேக் வேனை, அதான் கார்டு உட்கார்ற கடைசிப் பெட்டி, தூக்கிப் பார்த்தாரு. கூரையில ஒரு சிவப்பு ரேகை. "அண்ணே, கையைக் கழுவிட்டுத் தொடுங்க"ன்னேன். அது ஒரு தப்பா? அதுக்கப்புறம் அவரு உள்ள வரலை. சன்னலுக்கு வெளிய நின்னு இவருகிட்ட பேசிட்டுப் போவாரு. அதுவும் நல்லதுதான், வேலை நிக்காம நடந்துச்சு.

அப்புறம் இந்த அவுட்டர் சிக்னல். ரயில்ல போறவங்க எல்லாருக்கும் தெரியும், அவுட்டர்ல போட்டுட்டான்னு சொல்லுவோமே, அது. ஹோம் சிக்னலுக்கும் அவுட்டருக்கும் நடுவுல நானூறு மீட்டர் இருக்கணும். ஆவாரங்குறிச்சியில அப்படித்தான் இருந்துச்சு, வரைபடம் இருக்கு. நம்ம அளவுக்கு அது பதினஞ்சு அடி. இவரு அஞ்சடியில நட்டு வெச்சிருந்தாரு. "எல்லாரும் சுருக்கித்தான் வைப்பாங்க அமலி, வீட்டுக்குள்ள ஊரையே கொண்டு வர முடியுமா"ன்னாரு. எல்லாரும் தப்புப் பண்ணா நாமளும் பண்ணணுமா? மேசையை நீட்டினேன். இந்தச் செவரு ஓரமா வளைச்சு, அப்படியே அவரு படுக்கிற ரூம் வாசலுக்குக் குறுக்கால கொண்டு போனேன். அதோ பாருங்க, கதவுக்கு முன்னால போகுதே, அந்தப் பலகை. அதுக்கு அந்தப் பக்கம் அவுட்டர். சரியாப் பதினஞ்சு அடி. டேப் வெச்சு அளந்து பாருங்க வேணும்னா.

அதைத் தூக்க முடியும் தம்பி, கீல் வெச்சிருக்கேன். ரெண்டு கையாலயும் தூக்கிச் செவத்துல சாய்க்கணும். இவரால முடியாது. அவரு வெளிய வரணும்னா என்னைக் கூப்பிடுவாரு, நான் வந்து தூக்குவேன். நான் எங்க போறேன்? வீட்டுலதான இருக்கேன். பாத்ரூம் ரூமுக்குள்ளயே இருக்கு. டிவி இருக்கு. காலையில மூணு மணி நேரம், சாயங்காலம் மூணு மணி நேரம் இந்தச் சேர்ல உட்கார வெப்பேன். மேற்பார்வை. அந்த நேரம் போக அவருக்கு ரெஸ்ட்டு. ஒரு குறையும் கிடையாது.

கோயிலுக்குப் போவணும்பாரு. தடுக்கி விழுந்தா யாரு பார்க்கறது? மணப்பாறையில தங்கச்சி வீட்டுக்குப் போயி பத்து நாள் இருக்கணும்பாரு. போனா மாத்திரை வேளைக்கு யாரு குடுக்கறது? பேக்கரி வாசல்ல போய் உட்காரணும்பாரு. என்ன இருக்கு பேக்கரியில? நான் பிஸ்கட் வாங்கி வெச்சேன். தொடலை.

எனக்கு மட்டும் ஆசையா இருக்கா சொல்லுங்க? ஆறு வருஷமா நான் ஒரு கல்யாணம் காட்சிக்குப் போவலை. வேளாங்கண்ணிக்குப் போவலை. முதுகு வலி. கண்ணு பூத்துப் போச்சு. யாருக்காக? மாட்டிக்கிட்டது நான் தம்பி. அவரு ராஜா மாதிரி உட்கார்ந்திருக்காரு.

போன மாசம் ராயப்பண்ணன் போயிட்டாரு. மாரடைப்பு. காலையில சேதி வந்துச்சு. இவரு "எத்தனை மணிக்கு எடுக்கறாங்க"ன்னு மட்டும் கேட்டாரு. நாலு மணிக்குன்னாங்க. நான் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். சொன்னேன் தம்பி, இல்லேன்னு சொல்லலை. ஆனா அன்னிக்குச் சனிக்கிழமை. பாசஞ்சர் பெட்டிக்கு அந்தக் காலத்துக் காவிச் சிவப்பு வேணும், பெரிய கடை வீதியில ஒருத்தருதான் கலந்து குடுப்பாரு. விட்டா திங்கக்கிழமைதான். மூணு மணிக்குள்ள வந்துடலாம்னு ரெண்டு மணிக்குப் போனேன். பலகையைத் தூக்கி வெச்சுட்டுப் போயிருக்கலாம். ஆனா அதுல சிக்னல் கம்பி ஒட்டவெச்சிருந்தேன், காயலை. தூக்கினா அவ்வளவும் பிச்சுக்கும்.

பஸ் கிடைக்கலை. திரும்பி வர மூணரை ஆயிடுச்சு. வந்து பார்த்தா இவரு வாசப்படியில உட்கார்ந்திருக்காரு. வெளிய! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. ரெண்டு முட்டியும் தேஞ்சு ரத்தம். வெள்ளைச் சட்டை போட்டிருக்காரு, பொத்தான் மேலும் கீழுமா மாத்தி மாத்தி. தலையெல்லாம் ஒட்டடை. "எப்படி வந்தீங்க"ன்னேன். மேசைக்கு அடியில தவழ்ந்து வந்திருக்காரு. எழுவத்துமூணு வயசுல, அந்தக் கையையும் காலையும் வெச்சுக்கிட்டு, ரூம்லேர்ந்து வாசல் வரைக்கும், பதினஞ்சு அடியும்.

"பேண்டு சத்தம் கேட்டுச்சு அமலி. உன்னைக் கூப்பிட்டுப் பார்த்தேன்"னாரு. மழை வர்ற மாதிரி இருந்துச்சுன்னு மூணே காலுக்கே எடுத்துட்டாங்களாம். நம்ம வீட்டு முன்னால ஒரு நிமிஷம் பெட்டியை நிறுத்தினாங்களாம், சிநேகிதன் வந்து பார்க்கட்டும்னு. இவரு அப்ப மேசைக்கு அடியில இருந்திருக்காரு. "இருங்கடா, வர்றேன், வர்றேன்"னு கத்தியிருக்காரு. பேண்டு சத்தத்துல யாருக்குக் கேக்கும்? கதவைப் பிடிச்சு எந்திரிச்சப்ப, கூட்டம் மொனை திரும்பிடுச்சு.

கால் மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா தம்பி? நான் வந்திருப்பேன்ல? ஆட்டோ பிடிச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கே போயிருக்கலாம்ல? கேட்டேன். உள்ள ஓடிப் பார்த்தேன், மூணு சிக்னல் சாஞ்சு கிடந்துச்சு. நல்லவேளை, தண்டவாளத்துக்கு ஒண்ணும் ஆவலை.

இல்ல, மருந்தும் போட்டேன். முட்டிக்கு மருந்து போட்டேன். சிக்னலைப் பார்த்துட்டுத்தான் போட்டேன், ஆனா போட்டேன்.

அன்னியிலேர்ந்து அவரு இந்தச் சேர்ல உட்காரலை. செவத்தைப் பார்த்துப் படுத்துக்கிறாரு. நான் பலகையைத் தூக்கினாலும் வர்றதில்ல. கோவம், பத்து நாள்ல போயிடும்னு நெனச்சேன். இப்ப நீங்க வந்து வேன் நிக்குதுங்கறீங்க.

காபி ஆறுது, குடிங்க.

இதை எடுத்துட்டா இந்த ஹால்ல என்ன இருக்கும் சொல்லுங்க? அவரு பாட்டுக்குக் கதவைத் திறந்துட்டுப் போயிடுவாரு. கோயிலு, பேக்கரி, தங்கச்சி வீடு. நான் எங்க போறது? லேப்ல இப்ப மெஷின் செதுக்குதாம். நான் செஞ்ச பல்லு எத்தனை ஆயிரம் இருக்கும், யார் யாரு வாயிலயோ இருக்கு. ஒருத்தர் சிரிச்சு நான் பார்த்ததில்ல. யாரு செஞ்சான்னு அவங்களுக்கும் தெரியாது. என் கையால செஞ்சது என் கண்ணு முன்னாடி நிக்கிறது இது ஒண்ணுதான்.

நான் என்ன சொல்ல வந்தேன்... அவருக்காகத்தான் இதெல்லாம். ஆமா. அவருக்காகத்தான்.

சத்தம் கேக்குதா? எந்திரிச்சுட்டாரு. இருங்க. மணி மூணரைகூட ஆவலை.

என்னங்க, வந்துட்டேன். யாரு வந்திருக்கா பாருங்க... அட, சட்டை போட்டுட்டீங்களா? நீங்களாவா? தம்பி, கொஞ்சம் வந்து அந்த முனையைப் பிடிங்க. பார்த்து, பார்த்து. அப்படியே செவத்துல சாய்ங்க. விடுங்க, நிக்கும். வாங்க, வாக்கரை முன்னால வைங்க. நிதானமா.

இவருதான் கதிரவன், கோயம்புத்தூர்லேர்ந்து வந்திருக்காரு. நீங்க போன் பண்ணீங்களாம். எல்லாத்தையும் குடுத்துடறேன்னு சொன்னீங்களாம். அவருகிட்ட சொல்லுங்க, ஏதோ கோவத்துல சொல்லிட்டேன்னு. சொல்லுங்க. என்னைப் பார்க்காதீங்க, அவரைப் பார்த்துச் சொல்லுங்க.

என்ன? தம்பி, என்ன கேக்கறாரு? எனக்குச் சரியாக் காதுல விழலை.

கல்லறைத் தோட்டத்துக்கா? வேன்லயா? மேசையை ஏத்த வந்த வேனுங்க அது. அவரு எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்காரு, அவரைப் போயி... சரி, தம்பி சரிங்கறாரு. அப்ப இருங்க, நானும் சேலை மாத்திட்டு வர்றேன். ரெண்டே நிமிஷம்.

வேணாமா?

ஏன் வேணாம்? வழியில உங்களுக்கு ஏதாச்சும்னா? நான் கொஞ்சம் எட்டத்துல நின்னுக்கறேன், ஒண்ணும் பேச மாட்டேன். ராயப்பண்ணனுக்கு நானும் ஒரு மெழுகுவத்தி... இல்லையா.

சரி. சரிங்க. கோவிச்சுக்காதீங்க, நான் வரலை. காலரை மட்டும் சரி பண்ணி விடறேன். அதுவும் வேணாமா? சரி.

தம்பி, கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, உங்க கையை நீட்டுங்க, அவரு பிடிச்சுப்பாரு. வாசல்ல ஒரு படி இருக்கு. கதவு பாதிதான் திறக்கும், வாக்கரை மடக்கி வெளிய குடுங்க மொதல்ல. ஆங், அப்படித்தான். முன்சீட்டுல ஏத்துங்க.

மேசையா? அதைப் பத்தி இப்ப என்ன. போயிட்டு வாங்க, அப்புறம் பேசுவோம். நான் இங்கதான் இருப்பேன்.

எத்தனை மணிக்குத் திரும்பக் கூட்டிட்டு வரணும்னா?

தெரியலை தம்பி. அவருகிட்டயே கேளுங்க.